பூப்போட்ட உறை

மாமனார் ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி, மகன்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். ராஜபாளையத்தில் எங்களுடையது ஆன் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே அசையாமல் நின்றுவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூத்த ஓரகத்தி வீட்டில் இத்தனை வருஷம் கழித்தும் அது பாட்டுக்கு ஓடுகிறது. அவள் அதைத் துடைத்ததுகூட இல்லை. சிபியூ மேல் ஊறுகாய் பாட்டில் வைத்திருப்பாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நானோ பூப்போட்ட துணியில் சுருக்கு வைத்து உறை தைத்திருந்தேன். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டுத்தான் ஆன் பண்ணுவேன். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். ரேமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினேன். மவுஸ் அம்பு மறுபடியும் நின்றது.

போன வாரம் உறையைத் துவைத்துப் போட்டிருந்தேன். அன்று முழுக்க கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. பின்பக்கம் கையை வைத்தால் ஃபேனிலிருந்து அனலாகக் காற்று வந்தது. அந்த வழியை இத்தனை நாளும் அடைத்துக்கொண்டிருந்தது என் உறைதான்.

சாயங்காலம் ஓரகத்தி வந்தாள். கொடியில் கிடந்த உறையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி, எம்புட்டு அழகா இருக்கு. எங்க வீட்டுல அது மொட்டையாக் கெடக்கு. இத எனக்குத் தாயேன்."

"எடுத்துக்கோங்கக்கா" என்றேன். இஸ்திரி போட்டே கொடுத்தேன்.