மாப்பிள்ளையின் கை

எங்கள் வகுப்பில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். ஜன்னலோரக் கட்டிலில் நாள் முழுக்க மல்லாந்து கிடப்பார். ஆளளவு பிளாஸ்டிக் பொம்மை. குளிப்பாட்ட ஒருத்தி, தலைவார ஒருத்தி, புரட்டிப் போட இரண்டு பேர் என்று இத்தனை சேவகம் வாங்கியும் முகத்தில் ஒரு திருப்தி கிடையாது. அதனால் அந்தப் பெயரை வைத்தேன்.

முதியோர் விடுதியிலும் வீடுகளிலும் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வதற்கான பயிற்சி அது. நான் பில் போட்டுக்கொண்டிருந்த கடையை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவள் நான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த அக்கா அப்படி இல்லை. காது கேட்காத, நடக்க முடியாத தம்பியைப் பாதி வாழ்க்கை பார்த்துக்கொண்டவர். அவன் போன வருடம் இறந்துவிட்டான். அதன்பிறகு தங்கை வீட்டு ஹாலில்தான் படுக்கை. தங்கை புருஷன் காலையில் டிவியைச் சத்தமாக வைத்து அவரை எழுப்புவானாம். இதையும் பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அக்காவுக்குக் கோபம் வராது, சிரிப்பும் வராது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தால், முடியட்டும் என்று காத்திருப்பார். வகுப்பில் அவருக்கு ஃப்ரிட்ஜ் என்று பெயர். அது நான் வைத்ததில்லை.

சட்டை மாற்றும் தேர்வில்தான் அவர் மாட்டிக்கொண்டார். படுத்திருப்பவரைத் தொடுவதற்கு முன்னால் நாம் யார், என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். பொம்மையானாலும் கேட்க வேண்டும். நாங்கள் எல்லோரும் ஏலம் விடுகிறவர்கள் மாதிரி கத்தித் தேறினோம். அக்கா மட்டும் பேசவில்லை. மாப்பிள்ளையின் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்தபடி சும்மா நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"என்னம்மா, மறந்துபோச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க? பொம்மைய எதுக்குத் தட்டுறீங்க?"

அக்கா பிடித்த கையை விடவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே நின்றார். இன்னும் ஒரே வாய்ப்புதான் பாக்கி. தேறினால் விடுதியில் வேலை. தங்குவதற்கு அறையும் அங்கேயே உண்டு. தேறாவிட்டால் மறுபடியும் அந்த ஹால், அந்த டிவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மாப்பிள்ளையை ஓரமாகத் தள்ளிவிட்டு நானே கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

"இப்ப எனக்கு மாத்துங்க. வாயத் திறந்து சொல்லிட்டு மாத்துங்க."

அக்கா என் தோளில் இரண்டு தட்டு தட்டினார்.

"எதுக்குக்கா தட்டுறீங்க? நான் என்ன கதவா?"

"தம்பிக்குக் காது கேக்காதில்ல. தட்டினா, மாத்தப் போறேன்னு தெரிஞ்சுக்குவான். கை எப்பவும் கட்டை மாதிரி விறைச்சிருக்கும். சரின்னா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துவான். அதுவரைக்கும் நிக்கணும். அவசரப்பட்டா வலிக்கும்."

"பொம்மைக்கு எங்கேருந்துக்கா தளரும்?"

"தெரியுது. ஆனா கை நின்னுடுது."

பரிதாபமாக இருந்தது. காட்டிக்கொள்ளாமல் திட்டினேன். தட்டக் கூடாது, காத்திருக்கக் கூடாது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கையை இழுத்து நுழைத்துவிட வேண்டும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மண்டையில் ஏற்றினேன்.

கடைசித் தேர்வில் அக்கா அப்படியே செய்தார். "வணக்கம். நான் உங்களுக்குச் சட்டை மாற்ற வந்திருக்கிறேன். மாற்றலாமா?" என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொன்னார். தட்டவில்லை, நிற்கவில்லை. விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைத்து, பொத்தான் போட்டு முடித்தார். டீச்சரே கை தட்டினார். அக்கா, "சரி மேடம்" என்றார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பினோம். குடையை மறந்து வைத்துவிட்டதால் மறுபடி மேலே ஏறினேன். அக்கா கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் போட்ட சட்டையைக் கழற்றி, பழைய சட்டையைக் கையில் வைத்திருந்தார்.

"பாஸ் பண்ணிட்டீங்க, இன்னும் என்னக்கா?"

"கேக்காம மாத்திட்டேன். அதான்."

"கேட்டீங்களே, நாங்க எல்லாரும் பாத்தோமே."

அவர் மாப்பிள்ளையின் தோளில் இரண்டு தட்டு தட்டினார். அந்த மஞ்சள் பிளாஸ்டிக் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது.

"அன்னிக்குக் காலையில தம்பியத் தட்டினதும் கை உடனே விட்டுக் குடுத்துச்சு," என்றார். "என்னிக்குமே அப்படி இருந்ததில்ல. பரவாயில்லையே, இன்னைக்கு சமர்த்தா இருக்கானேன்னு சந்தோஷப்பட்டேன். சட்டைய மாத்தினேன். தலைய வாரினேன். அப்புறம் கஞ்சி எடுத்துட்டு வந்து வாய்கிட்ட கொண்டுபோனப்பதான் போயிட்டான்னு தெரிஞ்சுது."

குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"நல்ல வேகமா முடிச்சேன் அன்னிக்கு," என்றார்.

நான் வாயாடி. கடையில் என்னிடம் வாயைக் கொடுத்து ஜெயித்த வாடிக்கையாளர் கிடையாது. அன்றைக்குக் குடையை எடுத்து, மறுபடி கீழே வைத்தேன். கட்டிப்பிடிக்கலாமா என்று தோன்றியது. பிடித்துவிடப் பயமாகவும் இருந்தது. கிட்டே போய் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினேன்.

தோள் பலகையாக இருந்தது. கையை எடுக்காமல் நின்றேன். கீழே எங்கள் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டது. அதற்கும் ரொம்ப நேரம் கழித்து, என் கைக்கு அடியில் அந்தத் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"பஸ் போயிடுச்சு," என்றார் அக்கா.

"போகட்டும்க்கா," என்றேன்.