மருந்துப் பெட்டியின் சாவி

பூச்சிமருந்தை எங்கள் பக்கம் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். கத்தரிக்கு அடித்தது போக மீந்ததை, டப்பாவின் மூடி உடைந்துவிட்டதால், ஒரு காலிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். சாயங்காலம் வயலுக்கு எடுத்துப் போக நினைத்து மறந்துபோனேன்.

மறுநாள் மத்தியானம் என் மனைவி பீங்கான் பொம்மைக் கம்பெனியிலிருந்து வந்தாள். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் நடந்து வந்தவள், ஜன்னலில் இருந்ததை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டாள். துப்பியும் பாதி உள்ளே போய்விட்டது. வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "என்னங்க, அந்த பாட்டில்ல என்ன இருந்துது?" என்று கேட்டாள். குரலில் பயம்கூட இல்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் அவளை நடுவில் உட்காரவைத்து விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் நிற்கவில்லை. டாக்டர் முதலில் கேட்டது மருந்தின் பெயரை. பாட்டிலை நீட்டினேன். அதில் ஆரஞ்சுப் பழத்தின் படம்தான் இருந்தது. மருந்து விற்ற கடைக்காரருக்குப் போன் செய்து பெயரைக் கேட்டுச் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதற்குள் ஊசி போட ஆரம்பித்திருந்தார்.

இரண்டாம் நாள் அந்த ஊசியின் வேகத்தில் அவளுக்கு நினைவு தடுமாறியது. என்னை அடையாளம் தெரியவில்லை. வலது கை மட்டும் காற்றில் மெதுவாக வளைந்து வளைந்து போனது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்தார்கள். அவள் கண் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த விரல்களுக்குக் கீழே என் உள்ளங்கையை நீட்டினேன். அதில் ஒரு கண் எழுதினாள். பிறகு இன்னொன்று.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். "இனிமே அது வூட்டுல வேணாங்க" என்றாள் அவள், அவ்வளவுதான்.

வயலில் மோட்டார் கொட்டகைக்குள் ஓர் இரும்புப் பெட்டி வைத்துப் பூட்டினேன். நடந்ததைக் கேட்டுப் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு வீட்டாரும் தங்கள் மருந்தை, வாங்கிய டப்பாவிலேயே, அதில் கொண்டுவந்து வைத்தார்கள். சாவி என் மனைவியிடம் இருந்தது.

சில மாதம் கழித்து, ஒருநாள் காலையில் அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்து சாவி கேட்டாள். மருந்தடிக்கும் காலமில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது. "அவரு எங்கியோ வெச்சிட்டாரு. வர வரைக்கும் உக்காருங்கக்கா, சாப்புட்டுப் போலாம்" என்றாள் என் மனைவி. சாவி அவள் இடுப்பில் இருந்தது. நான் உள்ளறையில் இருந்தேன். அசையாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

இரண்டு பேரும் வெங்காயம் உரித்தார்கள். உரிக்க உரிக்க அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். ஒரு பாடு அழுது தீர்த்து, மத்தியானம் ரெண்டு வாய் சாப்பிட்டாள். சாவியை மறுபடி கேட்கவில்லை. அன்று என் மனைவி அவளைத் தனியே விடவில்லை. அந்தப் பெண்ணின் கூடப்பிறந்த அக்காவை வரவழைத்தாள். மறுநாள் மூவருமாக, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போய்வந்தார்கள்.

போன மாதம் அந்தப் பெண்ணின் வீட்டுப் பசு கன்று போட்டது. சீம்பாலை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெல்லம் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லிவிட்டுப் போனாள்.