சீனி நேரம்

சாய்ந்தமருது சீனிமுகம்மது மாமா, கல்முனை பஸ் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். சாரதிகள் தேநீர்க் கடையை விட்டு லேசில் எழும்பமாட்டார்கள் என்று தன் மணிக்கூட்டைப் பன்னிரண்டு நிமிடம் முன்னுக்கு வைத்தார். சாரதிகள் அதைக் கண்டுபிடித்து, பன்னிரண்டைக் கழித்துக்கொண்டார்கள். பஸ்கள் வழமைபோலவே பிந்தின. மாமா மட்டும் பழக்கத்தை விடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் அதே கூத்து. சுவர் மணிக்கூடு, தொலைபேசிகள் எல்லாம் பன்னிரண்டு நிமிடம் முந்தியே ஓடும். மனைவி சித்திலைலாவும் மகள் நுஸ்ஹாவும் மணியைப் பார்த்த உடனே, யோசிக்காமலே கழித்துவிடுவார்கள். எங்கள் தெருவில் இதற்குச் சீனி நேரம் என்று பெயர்.

நுஸ்ஹாவுக்குக் கட்டாரில் ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. புதன்கிழமை காலை, நம் நாட்டு நேரப்படி சரியாகப் பத்து மணிக்கு, லெப்டொப்பில். மூன்று வருடம் விண்ணப்பித்ததில் வந்த முதல் அழைப்பு. அந்த நேரம் பார்த்து லெப்டொப்புக்கு வருத்தம் பிடித்தது. திறந்தால் 2009 என்று காட்டும். இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்கப் போனால் அப்படியே ஸ்டக். மவுஸ் அசையாது, எழுத்து விழாது.

திருத்துவது என் தொழில். உள்ளே செத்துக் கிடந்த பொத்தான் பெட்டரியை மாற்றினேன். திகதி சரியாக நின்றது. ஆனால் இணைய நேரத்தைத் தொட்டால் பழைய குணம்தான். எனக்குக் கோபம் வந்து, அந்த வசதியையே நிறுத்திவிட்டேன். கடைக்கு வந்த மாமாவிடம் சொன்னேன்:

"மாமா, இது இனித் தானா நேரம் பாக்காது. நீங்கதான் கையால வெக்கணும். உங்கட சீனி நேரத்த வெச்சிராதீங்க, புள்ளட வேல போயிரும்."

மனிதர் பயந்துவிட்டார். செவ்வாய் மாலை வானொலிச் செய்திக்கு முன்வரும் பீப் சத்தத்தைக் கேட்டு, நொடி பிசகாமல் லெப்டொப்பில் நேரம் வைத்தார். அது ஒன்றும் வீடு ஒன்றும் காட்டினால் பிள்ளை குழம்புமே என்று சுவர் மணிக்கூட்டையும் எல்லாத் தொலைபேசிகளையும் சரியாக்கினார். வாழ்க்கையில் முதல் தடவை. ஒருவருக்கும் சொல்லவில்லை.

புதன்கிழமை மணிக்கூடு பத்தைக் காட்டியது. நுஸ்ஹா பதறவில்லை. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறதே! ஆறுதலாகப் பிளேன்டீ குடித்தாள், தலைத்துணிக்கு ஊசி குத்தினாள். மாமா தெருவில் நின்று, சத்தம் வீட்டுக்குள் போகக்கூடாதென்று மோட்டார் சைக்கிள்களை மறித்துக்கொண்டிருந்தார்.

பத்து பன்னிரண்டுக்கு அவள் லெப்டொப் முன்னால் உட்கார்ந்து சலாம் சொன்னாள். லெப்டொப் ஓரிடத்திலும் ஸ்டக் ஆகவில்லை. மறுபக்கத்தில்தான் ஆளில்லை. பத்து நிமிடம் காத்திருந்து மூடிவிட்டோம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி கிடந்தது.

விசாரிக்க நான் போனபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"மணிக்கூட்டத் திருத்தினத்த எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லியிருக்கலாமே, வாப்பா?"

மாமா தலையைச் சொறிந்தார். "மணிக்கூடு சரியா ஓடுதெண்டு உலகத்தில ஆரு செல்லிக்கிட்டுத் திரியிற, மகள்?"

அழுத பிள்ளை சிரித்துவிட்டாள். பிறகு மறுபடியும் அழுதாள்.