பாதியில் நிறுத்திய பம்பை

என் மனைவிக்குத் தறிக்கூடத்தில் சாமி வந்த அன்று நான் ஊரில் இல்லை. கண்ணமங்கலத்தில் கூழ் வார்க்கிறார்கள் என்று பம்பை வாசிக்கப் போயிருந்தேன். திரும்பி ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"ஜல்தி போ. உன் ஊட்டுக்காரம்மா கை மிஷின்ல மாட்டிக்கினுது."

அவள் பட்டுக்குத் தார் சுற்றுகிறவள், நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலைச் சுற்றுகிற வேலை. மோட்டார் வைத்த மிஷின், பெல்ட் ஓடும். இரண்டு விரலில் நகம் போயிருந்தது. கட்டு போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"இன்னா ஆச்சு?"

"டேப்புல பாட்டு போட்டாங்க. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல."

"இன்னா பாட்டு?"

"உன்னுது" என்றாள்.

நான் பாட்டுக்காரன் இல்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பாவுக்குப் பிறகு பம்பையை எடுத்தேன். இடுப்பில் இரண்டு மேளம் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அம்மனை வர்ணித்து அடிக்கிற வேலை. முதலில் அழைக்கிற அடி. அதற்கு ஆட்கள்மேல் சாமி வரும். கேட்கிறதைக் கேட்டு, சொல்கிறதைச் சொல்லும். கடைசியில் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் கொடுத்து, வேறு ஒரு அடி அடித்து மலையேற்ற வேண்டும். அழைத்தவனே அனுப்ப வேண்டும். அனுப்பாமல் பம்பையை இறக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான்.

என் மனைவிக்கு ஆடி மாதம் கோயிலில் வரும். என் கைக்குத்தான் வரும். வேறு ஆள் அடித்தால் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பாள்.

அதற்கு முந்தின வருடம் சென்னையிலிருந்து ஆள் வந்தார்கள். ஒரு குத்துச்சண்டைக்காரரின் வாழ்க்கையைப் படம் எடுக்கிறார்களாம். அவருடைய அம்மா சந்தவாசல் பக்கமாம். அதனால் இசையில் எங்கள் பக்கத்துப் பம்பை வேண்டுமாம். போனேன்.

கண்ணாடி வைத்த அறை. காதில் எதையோ மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளருடைய உதவியாளர் கையைத் தூக்கினார். அழைக்கிற அடியை அடித்தேன். நன்றாக வந்தது. ஏ.சி. அறையிலும் வியர்த்தது. மலையேற்றுகிற அடிக்குத் திரும்பும் இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும் தலைவரே. சூப்பர்."

"இன்னும் கீதுங்க. அனுப்பணும்."

"அது ஸ்லோவா இருக்கு. வேணாம். டீ சாப்புடுங்க."

டீ சாப்பிட்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வெளியே வராந்தாவில் நின்று மீதியை அடித்திருக்கலாம். யாரும் அடித்து விரட்டியிருக்க மாட்டார்கள். இது கோயிலா, இங்கே எந்தச் சாமி வரப் போகிறது என்று நினைத்தேன். பம்பையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

படத்தோடு இரண்டு கேசட் வந்தது. ஒன்றில் படத்துக்குப் பின்னால் வருகிற இசை மட்டும். இன்னொன்று ஹிப் ஹாப். படத்தில் அந்தப் பாட்டுகள் இல்லை. குத்துச்சண்டைக்காரரைப் பற்றிப் பசங்க தனியாகச் செய்தது. பாடுகிறது இல்லை, பேசுகிறார்கள். சண்டைக்கு நிற்கிறவன் மாதிரி மூச்சு விடாமல் அடுக்குகிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. நாங்களும் வர்ணிப்பில் அப்படித்தான் அடுக்குவோம். பேச்சுக்கு அடியில் என் பம்பையைப் போட்டிருந்தார்கள். அந்தப் பாட்டுதான் தறிக்கூடத்தில் ஓடியது.

விரல் கட்டைப் பிரிக்கிறதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள்: "ரெண்டு கேசட்டையும் எடுத்துனு வா. எதுக்கு வருதுன்னு பாத்துடலாம்."

பகல் வேளை. கதவைச் சாத்தினோம். அவள் சுவரில் சாய்ந்து, கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பம்பையைக் கட்டிக்கொண்டு டேப்ரிக்கார்டரை அமுக்கினேன். முதல் கேசட்டில் என் அடி வந்தது. குத்துச்சண்டைக்காரர் தோற்று வீட்டுக்கு வர, அவர் அம்மா சோறு போடுகிற இடமாம். வேகத்தைக் குறைத்து, பின்னால் வயலின் வைத்திருந்தார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான்யா கீது" என்றாள்.

இரண்டாவதைப் போட்டேன். பேச்சு தொடங்குவதற்குள்ளேயே பழம் உருண்டு கீழே போனது. அழைக்கிற அடியில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, வேகமாக்கி, திரும்பத் திரும்ப வைத்திருந்தார்கள். வா, வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போ என்று ஒரு இடத்திலும் இல்லை. நான் டேப்பை நிறுத்திவிட்டு மலையேற்றினேன். அவள் தண்ணீர் குடித்தாள்.

பிறகு கேட்டாள். "நீ ஏன்யா பாதியில நிறுத்தன?"

"நிறுத்தச் சொன்னாங்க."

"சொன்னா நிறுத்திடுவியா? கோயில்ல தர்மகர்த்தா சொன்னாகூட நிறுத்த மாட்டியே. டீ குடுத்தாங்களா?"

நான் அவளிடம் டீயைப் பற்றிச் சொன்னதில்லை. எப்படிக் கேட்டாளோ.

கூடத்து முதலாளி அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு கூடத்துக்குப் போனாள். அங்கேயும் அதே கேசட். அந்த வருடம் ஆரணியில் டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் அதுதான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைக்குப் போவாள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி சிரித்தாளாம். வந்து சொன்னாள்:

"கோயில்ல வந்தா சாமின்னு கால்ல வுழறாளுங்க. வேலை செய்யிற எடத்துல வந்தா பைத்தியம்ன்றாளுங்க. நான் வேலைக்குப் போணும்யா. இன்னா பண்ணுவியோ பண்ணு."

சென்னைக்குப் போனேன். அதே உதவியாளர். என்னை அடையாளம் தெரிந்தது. கட்டிப்பிடித்தார். "உங்க அடிதான் தலைவரே ஹிட்டு" என்றார். கேசட்டு அட்டையில் என் பெயர் இல்லை. நான் அதற்காகப் போகவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"அது லூப் தலைவரே. ஒரே அடி சுத்திக்கிட்டே இருக்கும்."

"எது வரைக்கும்?"

"பாட்டு முடியுற வரைக்கும்."

"அப்புறம்?"

"சத்தம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சு கேக்காம போயிடும்."

"கேக்காம போறது வேற. அனுப்பறது வேற."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "செம லைன். அடுத்த ஆல்பத்துக்கு வெச்சுக்கலாம்" என்றார்.

"கடைசியில மீதி அடிய சேத்துடுங்க. இப்பவே அடிச்சிக் குடுக்கறேன். பம்பை கொணாந்துகீறேன்."

"லட்சக்கணக்குல கேசட் போயிடுச்சு. நாங்க என்ன பண்ண முடியும்? உங்க வீட்டம்மாவ டாக்டர்கிட்ட காட்டுங்க."

எனக்குக் கை ஓங்கத் தெரியும். ஓங்கவில்லை. அவர் டீ சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. ஆரணியில் எவன் ஒரிஜினல் கேசட் வாங்குகிறான்? எல்லாம் கேசட் கடை பாய் பதிந்து கொடுக்கிற காப்பிதான். இறங்கி நேராக அவர் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"உங்க சாமிய அனுப்பறதுக்கு என்னாண்ட வர்ரியா?"

"உங்ககிட்டதான பாய் மிஷின் கீது."

"நல்ல பேஜாரு." எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். "உக்காரு. மைக் இதான். ஜல்தி அடிச்சுடு, கஸ்டமர் வருவாங்க."

"ஜல்தியா அடிக்கிற அடி இல்ல பாய்."

"சரிப்பா, மெதுவாவே அடி. நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லவில்லை. முழுசும் அடித்தேன். பாட்டு தேய்ந்து போகிற இடத்தில் அதை ஒட்டினார். யார் அந்தக் கேசட்டைக் கொண்டு வந்தாலும் மேலேயே பதிந்து கொடுத்தார். "புது சரக்கு, கடைசியில ஸ்பெஷல் மியூசிக் கீது" என்று சொல்லியே கொடுத்தார். அந்த வருடம் ஆரணியில் மட்டும் அந்தப் பாட்டு முடிகிற மாதிரி முடிந்தது.

அவளைப் பழைய கூடத்துக்கு அழைத்துப்போனேன். முதலாளி வாசலிலேயே, "மறுபடியுமா?" என்றார்.

"ஒரு வாரம் பாருங்க" என்றாள் அவள்.

பாட்டு தொடங்கினால் மிஷினை அணைத்துவிட்டு எழுந்து நிற்பாள். வரும். நின்றபடி ஆடுவாள். கடைசியில் என் அடி வரும். போய்விடும். முடியை முடிந்துகொண்டு மறுபடி உட்கார்ந்து தார் சுற்றுவாள். மற்ற பெண்கள் டீ குடிக்கப் போகிற மாதிரி ஆகிவிட்டது. முதலாளி முணுமுணுத்தார். ஆனால் அவள் கையில் நூல் அறாது. அது அவருக்குத் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆரணிக்கு வெளியே பாயின் கேசட் கிடையாது.

சேத்துப்பட்டில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். இருவரும் தனியார் பஸ்ஸில் போனோம். பம்பை எடுத்துப்போகவில்லை. பாதி வழியில் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். ஒரிஜினல். அவள் பஞ்சைத் தேடுவதற்குள் தோள் குலுங்கிவிட்டது. முன் சீட்டுக்காரர்கள் எழுந்துகொண்டார்கள். ஒருவன், "தண்ணி அடிச்சிருக்குதா?" என்று கேட்டான். பாட்டு தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அடுத்த பாட்டு வந்தது. அவள் அடங்கவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மாள் காலி எண்ணெய் டின் வைத்திருந்தாள். கேட்கவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடித்தேன்.

"என் டின்னு! என் டின்னு!" என்றாள் அந்த அம்மாள்.

கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையைத் தூக்கிக் காட்டினார். "யோவ், போதும் நிறுத்துயா!"

அதே கை. அதே போதும். ஏ.சி. அறையும் கண்ணாடியும் கண் முன்னால் வந்தது. எனக்கு வந்த கோபம் முழுசும் விரலுக்கு இறங்கியது. அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். இறங்கு என்று எல்லாரும் கத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. எந்த இடத்தில் என்னை நிறுத்தினார்களோ அந்த இடத்தைத் தாண்டி, கடைசி அடி வரைக்கும் அடித்தேன்.

அவள் என் தோளில் சாய்ந்து கண்ணைத் திறந்தாள். "சேத்துப்பட்டு வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

டின் நசுங்கிப் போயிருந்தது. அந்த அம்மாள் சேத்துப்பட்டு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டட்டும் என்று இருந்தேன்.