புற்றுமண் பொட்டலம்

சோப்பு கலக்காமல் எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாக நிறுத்த வேண்டும். தோலுக்கு எரிச்சல் தராத களிம்பு செய்ய அதுதான் வழி. என் ஆராய்ச்சிப் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. நுண்ணிய தூள் போட்டால் அது எண்ணெய்த் துளிகளைச் சுற்றி வேலிபோல் நின்று, அவை ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும். ஆனால் கடைத் தூள் எதுவும் ஒரு நாள் தாண்டவில்லை. மறுநாள் காலையில் எண்ணெய் மேலே மிதந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு சாமி அலமாரியில் கோயில் புற்றுமண் எப்போதும் இருக்கும். தலைவலி என்றால் நெற்றியில், சொறி என்றால் சொறியில். ஒருநாள் ஒரு பிடியை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்த் தண்ணீரில் கரைத்து, கலங்கி நின்ற மேல்நீரை மட்டும் வடித்துக் காயவைத்து அரைத்தேன். அந்தத் தூளைப் போட்டுத் தண்ணீரோடு குலுக்கிய தேங்காயெண்ணெய் மூன்று மாதமாகியும் பிரியவில்லை.

நோட்டில் 'தூள்' என்று மட்டும் எழுதினேன். சாமி மண்ணை மிஷினில் போட்டு அரைத்தேன் என்று எந்தக் கையால் எழுதுவது? உண்மையைச் சொன்னது ஒருவரிடம்தான். அதே ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர், வாசுதேவநல்லூர்க்காரர், தினமும் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைப்பவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"யாருட்டயும் சொல்லிராதீங்கக்கா. தெய்வக்குத்தம் ஆயிரும்."

"நான் யாருட்டட்டி போய்ச் சொல்லப் போறேன்?"

வாயால் சொல்லவில்லைதான். கட்டுரையாகவே எழுதி அனுப்பிவிட்டார். அச்சில் வந்த பிறகுதான் பார்த்தேன். முதல் பெயர் அக்காவுடையது. என் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியில், மண் கொண்டுவந்து உதவியதற்காம். அந்தப் பக்கத்தை அக்கா முன்னால் விரித்து வைத்தேன்.

"இது என் வேலைக்கா."

"உன் நோட்டுல எங்கனட்டி எழுதியிருக்கு?"

'தூள்' என்றுதானே எழுதியிருந்தேன். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதற்கு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

இரண்டு வாரம் போனது. தூள் தீர்ந்ததும் அக்கா கூச்சமே இல்லாமல் கேட்டார்.

"ஏட்டி, இன்னும் ஒரு பிடி மண்ணு கொண்டு வாட்டி."

கோயில் மண்ணைக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கொண்டுபோனேன். பொட்டலத்தை மேசையில் வைத்து, நோட்டைத் திறந்து, அவர் பார்க்கவே எழுதினேன்: சங்கரன்கோவில் புற்றுமண், ஒரு பிடி. களிம்புக்கு இதை முதலில் பயன்படுத்தியவள் நான்.

"கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு எடுத்துக்கோங்கக்கா."

அக்கா பேனாவைத் தொடவில்லை. சாயங்காலம் வரை பொட்டலம் மேசையிலேயே இருந்தது.