வலது வேலியில் எரியாத அடுப்பு

பயிற்சியாளர் லாசிட்டரையே தொடர்ந்து வைத்துக்கொள்ளப் போகிறார்களாம் என்று வானொலி சொன்னபோது வெல்டா க்ரம்ப்டன் பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிரேக்கை மிதித்த மிதியில் பின்வரிசைப் பிள்ளைகளின் பைகள் முன்வரிசைக்கு வந்து சேர்ந்தன.

"மிஸ் வெல்டா, நாய் குறுக்க வந்துச்சா?"

"நாய் இல்லடா. கழுதை. மூடிக்கிட்டு உக்காரு."

டல்லாஹோமா கல்லூரியின் பேஸ்பால் அணிக்கு கோவேறு கழுதைகள் என்றுதான் பெயர். மிசிசிப்பியின் அந்த மூலையில் யாரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. ஆனால் கிப் லாசிட்டர் பயிற்சியாளராக வந்த நான்கு வருஷத்தில் அடுத்த ஊர்க்காரர்கள் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வடக்கிலிருந்து வந்த ஆள், மடிப்புக் கலையாத சட்டை. நல்ல அடிக்காரன் மட்டை பிடித்து நிற்கும்போதும் பந்தை ஓங்கி அடிக்க விடமாட்டார். தொப்பியைத் தொட்டு சைகை காட்டுவார். பையன் மட்டையைக் குறுக்கே நீட்டி, பந்தை மெல்லத் தட்டிக் காலடியில் உருட்டிவிட்டு அவுட்டாகி வருவான். தோற்ற பிறகு பத்திரிகைக்காரர்களிடம், "நாங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறோம்" என்பார். நான்கு வருஷமாக அதே வளர்ச்சி.

இந்தக் குளிர்காலத்திலாவது அனுப்பிவிடுவார்கள் என்று ஊரே காத்திருந்தது. ஆனால் "லாசிட்டரின் திட்டத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது" என்று கல்லூரி அறிவித்துவிட்டது.

வெல்டாவின் கோபத்துக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அவள் வேலியோரத்துக்காரி. வலது பக்க வேலிக்குப் பின்னால் முப்பது குடும்பங்களுக்கு, உட்கார்ந்து பந்தயம் பார்க்கச் சொந்தமாக மேடைகள் உண்டு. பழைய லாரித் தட்டின் மேல் பலகை அடித்து, ஏணி வைத்து, கீழே கறி வாட்ட இரும்பு அடுப்பு. அந்த இடத்துக்காக ஊரில் பலர் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, பருவத்தின் தொடக்கப் பந்தயத்தில் முதல் பந்து வீசப்படும் முன் அடுப்பு எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இரண்டு, எதிரணியை என்ன வேண்டுமானாலும் ஏசலாம்; சொந்த அணியையோ அதன் பயிற்சியாளரையோ ஒரு வார்த்தை பேசக்கூடாது. எதிரணியின் வலது பக்க ஆட்டக்காரன் எவனும் வெல்டாவின் வாய்க்குத் தப்பியதில்லை. ஒருவன் பாதியில் அழுதிருக்கிறான். ஆனால் லாசிட்டர் விஷயத்தில் நான்கு வருஷமாக உதட்டைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. தொடக்க நாளில் பயிற்சியாளர் வேலியோரம் நடந்து வந்து ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு துண்டு வாங்கித் தின்பது வழக்கம். வந்த முதல் வருஷமே லாசிட்டர் அவளுடைய பன்றி விலாவை ஒரு கடி கடித்துவிட்டு, திரும்பி நின்று குப்பைத் தொட்டியில் போட்டதை அவள் பார்த்துவிட்டாள்.

அந்த வாரமே கெளுத்தி மீன் கடையில் வேலியோரத்துக்காரர்களைக் கூட்டினாள்.

"தொடக்க நாள் அன்னிக்கு ஒரு அடுப்பும் எரியக்கூடாது. அந்தாளு வேலி நெடுக வெறும் வயித்தோட நடக்கட்டும். டிவிக்காரன் படம் பிடிக்கட்டும். முப்பது பேர் இடத்தையும் ஒரே நாள்ல பிடுங்க முடியுமா?"

பக்கத்து மேடைக்காரன் டெல்மர் போஷ் மீனைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். "நாங்க பத்த வெக்காம இருந்து, நீ பத்த வெச்சிட்டா?"

"நானாடா? லாசிட்டருக்கா?"

"அவர் குப்பைல போட்ட அந்த எலும்புக்காகத்தான் நீ இவ்வளவும் பண்றேன்னு ஊர்ல பேச்சு."

"எலும்புக்கும் சேத்துத்தான். என்ன இப்போ?"

கடை சிரித்தது. வேலியோரத்துக்குப் பெரியவரான ஹோய்ட் ஸ்பைவி, டயர் கடைக்காரர், மட்டும் சிரிக்கவில்லை. "சட்டம் சட்டந்தான், வெல்டா. நான் யாருக்கும் வளைக்க மாட்டேன். ஆனா என் அடுப்பும் எரியாது" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். டெல்மர் இரண்டு கையையும் தூக்கினான்.

வீட்டில் அவள் கணவன் ராய்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அந்த மேடையை இரும்பு பற்றவைத்துக் கட்டியவன் அவன். "டெல்மரை நம்பியா இடத்தைப் பணயம் வெக்கிற?"

"எல்லாரும் கை தூக்கினாங்க."

"சாப்பாட்டு மேசைல கை தூக்கறது சுலபம்மா. பிப்ரவரி குளிர்ல பாரு."

தொடக்க நாளன்று உறைபனி போட்டிருந்தது. கூட்டம் வந்து சேர்ந்தும் வேலியோரத்தில் ஒரு பொட்டுப் புகை இல்லை. வெல்டாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அந்தக் கோடியில், கடைசி மேடைக்குக் கீழே, நூல் போல ஒன்று எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. வரிசை அவள் பக்கமாக நெருங்கி வந்தது.

டெல்மர் குனிந்து தீப்பெட்டியை உரசினான்.

"டேய் டெல்மர்!"

"பொண்டாட்டிக்குக் கை விறைக்குது, வெல்டா. குளிர் காயத்தான். வெறும் கரி. கறி கிடையாது, சத்தியமா."

கொஞ்ச நேரத்தில் அந்த வெறும் கரியிலிருந்து மிளகு தடவிய விலா வாசனை வந்தது.

"உன் கரிக்கு நல்லா மசாலா தடவியிருக்கே!" என்று வெல்டா கத்தினாள். டெல்மர் புகைக்குப் பின்னால் மறைந்துகொண்டான். ஹோய்ட்டின் அடுப்புகூட எரிந்தது. அவர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

லாசிட்டர் வேலியோரம் வந்தார். ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு துண்டு, ஒரு சிரிப்பு. வெல்டாவின் மேடைக்கு வந்ததும் நின்றார்.

"மிஸ் வெல்டா, இன்னிக்கு நம்ம அடுப்பு...?"

நாக்கு நுனியில் பத்து பதில் வந்து முட்டியது. முதல் பந்து இன்னும் விழவில்லை. அவள் இன்னும் வேலியோரத்துக்காரி. "கரி நனைஞ்சு போச்சு, கோச்" என்றாள்.

"அடடா. பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சொன்ன வாய் வருத்தப்பட்டது. முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி ஓடியது. அதை அவள் பார்த்தாள். அடுத்த வருஷமாம். அடுத்த வருஷமும் இருக்கப் போகிறாராம்.

ஹோய்ட் மூச்சிரைக்க வந்தார். "ஒரே ஒரு தீக்குச்சி, வெல்டா. காகிதத்தை எரிச்சாக்கூட எரிஞ்சதுன்னு சொல்லிடறேன். அடம் பிடிக்காத."

ராய்ஸ் ஏற்கனவே தீக்குச்சியைக் கையில் வைத்திருந்தான். தான் பற்றவைத்த இரும்புக் கைப்பிடியை மறு கையால் தடவிக்கொண்டிருந்தான். வெல்டா அந்தக் கையைப் பார்த்தாள். இந்த ஏணியில்தான் அவள் கால் உடைந்தது, இந்தப் பலகையில்தான் மழையோடு மழையாகப் பதினெட்டு இன்னிங்ஸ் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தீக்குச்சி போதும்.

"வேணாம் ராய்ஸ்."

முதல் பந்து வீசப்பட்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஹோய்ட் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுவதைப்போல.

"அப்போ நான் இனி வேலியோரத்துக்காரி இல்லைல்ல, ஹோய்ட்?"

"இல்ல. மனசுக்குக் கஷ்டமா இருக்கு, வெல்டா."

"உன் கஷ்டத்தை உன் அடுப்புல வாட்டித் தின்னு" என்று ஏணியில் இறங்கினாள். "ராய்ஸ், வரியா?"

ராய்ஸ் நாற்காலியை மடக்கினான். மைதானத்தைப் பார்த்தான். டெல்மரின் அடுப்பைப் பார்த்தான். "நான்... டெல்மர் மேடைலயே இருக்கேனே. கறி வெந்துருச்சு போலிருக்கு."

"துரோகி" என்றாள். அதில் உறைப்பு குறைவாகத்தான் இருந்தது.

மைதானத்தை அரைவட்டமாகச் சுற்றிப் போய், சீட்டு விற்கும் ஜன்னலில் சொந்த அணி உட்காரும் பள்ளத்துக்கு நேர் பின்னால் இடம் கேட்டாள். லாசிட்டரை வைத்துக்கொண்ட புண்ணியத்தில் அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. பருவம் முழுவதற்கும் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் வரிசை. குனிந்தால் லாசிட்டரின் பிடரி தெரிந்தது. இந்த இருக்கைக்குச் சட்டம் எதுவும் கிடையாது.

மூன்றாவது இன்னிங்ஸில் முதல் தளத்தில் ஒரு பையன் நின்றான், அவுட் யாருமில்லை. அணியிலேயே பெரிய அடிக்காரன் மட்டையோடு வந்தான். லாசிட்டரின் கை தொப்பியை நோக்கிப் போனது.

வெல்டா எழுந்தாள். பேருந்து நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிப் பழகிய குரல், நான்கு வருஷம் பூட்டிக் கிடந்த குரல்.

"லாசிட்டர்! அவன் கையில மட்டையக் குடுத்தது கதவத் தட்டவா? கையக் கீழ எடுய்யா!"

லாசிட்டர் திரும்பினார். ஆளை அடையாளம் தெரிந்ததும், கை தொப்பிக்குப் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. மட்டைக்காரன் சைகை முடியுமா முடியாதா என்று குழம்பி நிற்க, பந்து அவனைத் தாண்டிப் போனது. அடிக்கத் தவறிய பந்து என்று நடுவர் கையை உயர்த்தினார்.

"பாத்தியா?" என்றாள் முன்வரிசைக்காரன் ஒருவனிடம். "இதுதான் அந்தத் திட்டம்!"

"யாரும்மா நீங்க?"

"நாலு வருஷமா வாயை மூடிக்கிட்டிருந்தவ. நகரு, மறைக்கிற."

வலது வேலிப் பக்கமிருந்து, வாய் திறக்கத் தடையுள்ள அந்தப் பக்கமிருந்து, யாரோ அடுப்பு மூடியில் கரண்டியால் அடிக்கும் சத்தம் வந்தது. டங். டங். டங். யாரென்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. லாசிட்டரின் கை மறுபடியும் மேலே போய்க்கொண்டிருந்தது.