குறிப்புக் கட்டத்தில் எழுதப்பட்டவர்கள்

தனியார் பள்ளி டீச்சருக்கு மே மாதம் விடுமுறை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதுதான் எங்களுக்குப் பிள்ளை பிடிக்கிற மாதம். உச்சி வெயிலில் நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராகப் போய், கதவைத் தட்டி, "உங்க வீட்டுல மூணு வயசுல குழந்தை இருக்குங்களா?" என்று பல்லைக் காட்டியவர்களுக்கு என் பாடு புரியும். இன்சூரன்ஸ் பாலிசி விற்கப் போனவர்களுக்கும் புரியும்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் இருபத்தொன்பது வருடமாக நான் எல்.கே.ஜி. டீச்சர். நான் சேர்ந்தபோது எல்.கே.ஜி.யில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. அப்ளிகேஷன் வாங்கப் பெற்றோர்கள் வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொள்வார்கள். இந்த வருடம் இருப்பதே ஒரு பிரிவு. அதிலும் பதினைந்து பேர் சேராவிட்டால் மூடிவிடுவேன் என்று தாளாளர் மீட்டிங்கில் சொல்லிவிட்டார். பிரிவே இல்லையென்றால் டீச்சர் எதற்கு? ஐம்பது வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? அந்தப் பயத்தோடுதான் ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

பன்னிரண்டு கதவு

கேன்வாஸ் போகும் டீச்சருக்கு ஒரு நோட்டு கொடுப்பார்கள். கதவு எண், பெயர், குழந்தையின் வயது, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். 'குழந்தை இல்லை' என்று மட்டும் எழுதினால் அந்த வீட்டுக்கே போகவில்லை என்பார் தாளாளர். அதனால் ஏன் இல்லை, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

முதல் தெருவில் பன்னிரண்டு வீடு. எல்லாம் டைல்ஸ் போட்ட மாடி வீடுகள். முதல் கதவைத் திறந்தவர் வாக்கரோடு வந்தார். இரண்டாவது வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் எழுபது இருக்கும். மூன்றாவது வீட்டு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள். ஏழு வீடு தாண்டியும் ஒரு குழந்தைகூட இல்லை. இந்தத் தெருவில் மட்டும் போன வருடங்களில் எங்கள் வேன் ஐந்து நிமிடம் நின்று பிள்ளைகளை ஏற்றும். பன்னிரண்டாவது வீட்டில் பெரியசாமி அய்யா, ஒரு காலத்தில் மூன்று லாரி ஓட்டியவர், மோர் கொடுத்து உட்கார வைத்தார். குழந்தைகள் உண்டா என்றேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "ரெண்டு பேரனுக இருக்கறானுங்க அம்மிணி. கனடாவுல. ஞாயித்துக்கெழம காத்தால இந்தச் செல்லுல வருவானுக."

ஒரு பையன், மூன்று டீச்சர்

அங்கன்வாடி ஆயாவிடம் கெஞ்சி ஒரு விலாசம் வாங்கினேன். மூன்று வயதுப் பையன், சரியான வயது. போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் வேறு இரண்டு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சோபாவில் இருக்கிறார்கள். ஒருத்தி பலூனோடு, இன்னொருத்தி பிளாஸ்டிக் கிரிக்கெட் பேட்டோடு. என் கையில் இரண்டு ரூபாய்ச் சாக்லேட். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்ததில் அவன் பயந்து அழுதுவிட்டான்.

அப்பா மரவள்ளிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நான் அவரைத் தாத்தா என்றே நினைத்துவிட்டேன், நல்லவேளை வாயைத் திறக்கவில்லை. எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தோம், பிறகு யாராலும் சிரிக்க முடியவில்லை: "நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் பொண்ணு தேடி அலஞ்சனுங்க, ஒருத்தரும் ஊட்டுக்குள்ள உடல. கடேசியில கேரளாவுல போயிக் கட்டிக்கிட்டு வந்தன். இப்ப என்ற பையனுக்கு மூணு பேரு வந்து உக்காந்திருக்கறீங்க."

பையன் பேட் வைத்திருந்த டீச்சரிடம் போய்விட்டான்.

கோழிப்பண்ணைக்குப் பின்னால்

இரண்டு வாரம் ஆகியும் என் கணக்கில் நாலே பேர். ஒருநாள் கோழிப்பண்ணை ஒன்றைத் தாண்டும்போது பிள்ளைகள் கூச்சல் கேட்டது. ஒன்றிரண்டு பேர் கத்துகிற சத்தமில்லை, கூட்டமாக ஓடிப் பிடித்து விளையாடுகிற சத்தம். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ஸ்கூட்டியை அப்படியே ரோட்டோரம் நிறுத்திவிட்டேன். பண்ணைக்குப் பின்னால் தகரக் கொட்டகை வரிசை. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொரு பிள்ளைகள். வயது முன்னே பின்னே இருந்தாலும், என் நாலோடு சேர்த்தால் சரியாகப் பதினைந்து. நோட்டைத் திறந்துகொண்டு போனேன்.

தெரிந்த இந்தி நாலு வார்த்தையைத் திரட்டி, தம்பியை இடுப்பில் வைத்திருந்த ஆறு வயதுப் பெண்ணிடம் பேசினேன். "அம்மா கோழிக்குத் தீவனம் போடப் போயிருக்குதுங்க, உங்குளுக்கு என்ன வேணுமுங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டதில் தூக்கிவாரிப் போட்டது. பெயர் மீனு. மூன்று வருடமாக, வருடத்தில் பாதி நாள் இங்கேதானாம். அவள் ஊர்ப் பள்ளியில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர், இடம் போதாமல் மரத்தடியிலும் உட்காருவார்களாம். நான் கிளம்பும்போது, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைப்போலக் கேட்டாள்: "எங்கூருல தெருவெல்லாம் புள்ளைங்கதானுங்க. இங்க ஏனுங்க டீச்சர் எல்லாரும் தாத்தாவாவே இருக்கறாங்க?"

தலைமையாசிரியை எழுந்து நின்றது

பதினொரு பெயரையும் தாளாளரிடம் கொண்டுபோனேன். "பாதி வருசத்துல ஊருக்குப் போயிருவாங்க டீச்சர், வேண்டாம்" என்று நோட்டைக்கூடத் திறக்காமல் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், மறுநாளே அந்தப் பிள்ளைகளையும் அவர்களின் அப்பா அம்மாக்களையும் அழைத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்கு நடந்தேன். என் வாழ்நாளில் எதிர்க் கட்சிக்குப் பிள்ளை சேர்த்துவிட்டது அன்றைக்குத்தான்.

அங்கே மொத்தமே ஒன்பது பேர் படிக்கிறார்கள். விடுமுறையிலும் சேர்க்கைக்காக வந்திருந்த தலைமையாசிரியை எங்களைப் பார்த்ததும் ஏதோ புகார் என்று பயந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று, ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு கேட்டார்: "நெசமாவே நீங்க இதுங்களையெல்லாம் உட்டுப்போட்டுத்தான் போறீங்களா டீச்சர்?"

மைக்கில் சொன்னது

கவிதா என்னிடம் எல்.கே.ஜி. சி பிரிவில் படித்தவள். இப்போது அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகள். இரண்டாவது ஏதும் இருக்கலாம் என்ற நப்பாசையில் போனேன். இல்லை. அவள் வகுப்பில் என்னிடம் படித்தவர்களை விரல்விட்டுக்கொண்டே கேட்டேன்: சுமதிக்கு? ஒண்ணு. செந்திலுக்கு? இன்னும் கல்யாணமே ஆகலை. ரேவதிக்கு? ஒண்ணு, பெங்களூரில். பத்து விரலும் முடிந்தது, ஒருத்தருக்கும் இரண்டாவது இல்லை.

"ஏங் கண்ணு, நீங்க எல்லாம் சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணோட நிறுத்திட்டீங்க?" என்று உரிமையாகத்தான் திட்டினேன். அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அன்றைக்கு வேறு எந்த வீட்டுக்கும் என்னால் போக முடியவில்லை: "ஆண்டு விழாவுல மைக்கப் புடிச்சு, 'ஒண்ணே ஒண்ணப் பெத்தாலும் நல்ல ஸ்கூல்ல போட்டுப் படிக்க வைங்க'ன்னு எங்கம்மாகிட்டயும், என்ற புள்ளையச் சேத்தப்ப என்றகிட்டயும் சொன்னது நீங்கதானுங்களே டீச்சர்?"

குறிப்புக் கட்டம்

மே கடைசியில் நோட்டோடு தாளாளர் அறைக்குப் போனேன். நாலு பேர். வேலை போய்விட்டது என்று முடிவு கட்டி, புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இந்தமுறை நோட்டைத் திறந்தார். குழந்தை வயதுக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. 'குறிப்பு' கட்டத்தில் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். 'அம்மா தனியாக. மகள் சென்னை.' 'கணவன் மனைவி, எழுபது. துணைக்கு ஆள் தேடுகிறார்கள்.' 'பெரியசாமி அய்யா, மகன் கனடா. பகலில் பேச்சுத்துணை இல்லை.'

ஜன்னலுக்கு வெளியே என் வகுப்பறைச் சுவரில் ஆட்கள் கைப்பிடிக் கம்பி அடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். முதியோருக்கான பகல் காப்பகமாம். ஏப்ரலிலேயே முடிவு செய்துவிட்டாராம். நாலு பிள்ளைகளையும் வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். வேலை உங்களுக்கு உண்டு என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்ற என்னிடம் நோட்டை நீட்டிக் கேட்டார்: "இத்தன அட்மிசனக் கையில வெச்சுக்கிட்டு, நாலுதானுங்க சார்னு வந்து நிக்கறீங்களே டீச்சர்?"

முதல் நாள்

ஜூனில் அதே மஞ்சள் வேன் வந்து நின்றது. பழக்க தோஷத்தில் நான் கேட்டில் நின்றேன். அந்தப் பன்னிரண்டு வீட்டுத் தெருவிலிருந்து மட்டும் ஒன்பது பேர். சாப்பாட்டுத் தூக்கும் மாத்திரைப் பையுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். பெரியசாமி அய்யா கடைசியில் இறங்கி, வகுப்பறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே ஆப்பிள் படமும் யானைப் படமும் இன்னும் அழிக்காமல் சுவரில் இருந்தன. "உள்ள வாங்கய்யா" என்றேன். அவர் நகரவில்லை.

"என்ற பையன இந்த ரூமுலதான் சேத்துனன் அம்மிணி. அன்னிக்கு அவன் இதே வாசல்ல நின்னுக்கிட்டு அளுதான். சாயந்தரம் நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறஞ் சாமின்னு சொன்னன், உள்ள போயிட்டான். எனக்கு அப்படிச் சொல்றதுக்கு யாரு இருக்கறாங்க?"

இருபத்தொன்பது வருடத்தில் அதே அறை, அதே வேன், அதே ஒன்பதரை மணி பெல் எதுவும் மாறவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு 'இடமில்லை, அடுத்த மாதம் வாருங்கள்' என்று ஆட்களைத் திருப்பி அனுப்பும் பாக்கியம்தான் எங்கள் பள்ளிக்கு மறுபடியும் கிடைத்திருக்கிறது.